மாலத்தீவு கெஸ்ட் ஹவுஸில் தங்கி வேலை செய்ய: விசாவிலிருந்து படுக்கை விரிப்பு வரை

நம்மூரில் லாட்ஜ் என்றால் பஸ் ஸ்டாண்ட் எதிரில் இருக்கும் நாலு மாடிக் கட்டடம். சோப்பு தீர்ந்தால் எதிர்க்கடை, பல்பு போனால் அடுத்த தெரு. மாலத்தீவில் அந்த எதிர்க்கடை கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அங்கே லாட்ஜ் வேலை தெரிந்தவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த ஒரு வித்தியாசத்தில்தான். வேலை புதிதல்ல. முன்கூட்டியே யோசிக்காவிட்டால் அன்றைக்கே மாட்டிக்கொள்வோம் என்பதுதான் புதிது.

மாலத்தீவில் சுற்றுலா 1972-ல் குரும்பா தீவில் தொடங்கியது. நீண்ட காலம் ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட் என்ற கணக்குதான். 2009-க்குப் பிறகே உள்ளூர் மக்கள் வாழும் தீவுகளில் கெஸ்ட் ஹவுஸ்கள் பெருகின. மாஃபுஷி, துலுஸ்தூ, தொட்டூ, உகுல்ஹஸ் எல்லாம் இப்படி வளர்ந்த தீவுகள். ரிசார்ட்டில் உங்களுக்கென்று ஒரு டிபார்ட்மென்ட், சாப்பாட்டுக்கு ஸ்டாஃப் கேன்டீன், தங்க ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ் எல்லாம் உண்டு. வேலை ஒரே மாதிரி ஓடும். கெஸ்ட் ஹவுஸில் எட்டிலிருந்து பதினைந்து அறைகளுக்கு நாலைந்து பேர். காலையில் ரொட்டி சுடுபவரே பத்து மணிக்கு அறை பெருக்குவார், மதியம் படகுத்துறைக்கு ஓடுவார். சம்பளம் குறைவு, கற்றுக்கொள்வது அதிகம். இந்த வழிகாட்டி கெஸ்ட் ஹவுஸ் வேலைக்கானது. காகிதப் பகுதி மட்டும் இரண்டுக்கும் பொருந்தும்.

கிளம்பும் முன்: காகிதங்கள்

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கும் இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கும் மாலத்தீவு விமான நிலையத்திலேயே சுற்றுலா விசா கிடைக்கும். ஆபத்தும் அங்கேதான். "முதல்ல டூரிஸ்ட்டா வாங்க, வந்ததும் மாத்திக்கலாம்" என்று ஏஜென்ட் சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். சுற்றுலா விசாவில் ஒரு நாள் வேலை செய்தாலும் அது சட்டவிரோதம். சம்பளம் வராவிட்டால் புகார் கொடுக்கக்கூட உங்கள் கையில் காகிதம் இருக்காது.

சரியான வரிசை இது. முதலில் முதலாளி அரசிடம் வெளிநாட்டு ஆட்களுக்கான கோட்டா வாங்கியிருக்க வேண்டும். பிறகு உங்கள் பாஸ்போர்ட் விவரத்தோடு ஆன்லைனில் வேலை அனுமதிக்கு விண்ணப்பிப்பார். அனுமதிக் கடிதம் வந்த பிறகுதான் நீங்கள் விமானம் ஏற வேண்டும். கடிதத்தில் நான்கு விஷயங்களைப் பாருங்கள்: உங்கள் பெயர், பாஸ்போர்ட் எண், வேலையின் பெயர், முதலாளியின் பெயர். ஒப்பந்தத்தில் குக், அனுமதியில் கட்டடத் தொழிலாளி என்றிருந்தால் திருத்தாமல் ஏறாதீர்கள். வேலை அனுமதி அந்த முதலாளியோடு கட்டப்பட்டது. பக்கத்து கெஸ்ட் ஹவுஸில் சீசனுக்கு நாலு நாள் கை கொடுப்பதும் மீறலாகிவிடும்.

போய் இறங்கியதும் மருத்துவப் பரிசோதனை, இன்சூரன்ஸ், விசா முத்திரை, வேலை அனுமதி அட்டை என்று நடக்கும். உங்களுக்காக அரசிடம் கட்டும் டெபாசிட்டும் மாதாந்திர அனுமதிக் கட்டணமும் முதலாளியின் செலவு. அதை உங்கள் சம்பளத்தில் பிடிப்பதாகச் சொன்னால் கேள்வி கேளுங்கள். விமானம் ஏறுவதற்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் 'இமுகா' என்ற பயணி அறிவிப்புப் படிவத்தை ஆன்லைனில் நிரப்ப வேண்டும். அது இலவசம்; காசு கேட்கும் தளம் போலி.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள்: ஏஜென்ட்டின் லைசென்ஸ் எண்ணை இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் தேடிப் பாருங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும். ஒன்றரை லட்சம் கேட்பவர் உங்களுக்கு வேலை பார்க்கவில்லை, உங்களை விற்கிறார். இலங்கையிலிருந்து போகிறவர்கள் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு செய்துவிட்டே கிளம்ப வேண்டும், கட்டுநாயக்க விமான நிலையத்தில் கேட்பார்கள்.

ஒப்பந்தத்தில் படிக்க வேண்டிய வரிகள்

மாலத்தீவின் வேலைவாய்ப்புச் சட்டம் 2008-ல் வந்தது. வாரம் 48 மணி நேர வேலை, ஓராண்டு முடிந்தால் 30 நாள் சம்பளத்தோடு விடுப்பு, அதிகபட்சம் மூன்று மாத புரொபேஷன் என்பவை அதன் அடிப்படை. கூடுதல் நேரத்துக்குச் சாதாரண நாளில் ஒன்றேகால் பங்கு, வெள்ளிக்கிழமையிலும் அரசு விடுமுறையிலும் ஒன்றரைப் பங்கு கூலி. குறைந்தபட்சக் கூலிச் சட்டம் மட்டும் உள்ளூர்க்காரர்களுக்கானது. நமக்குப் பொருந்தாது. அதனால் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் தொகைதான் உங்கள் ஒரே பாதுகாப்பு.

தொகையைவிட முக்கியம், எந்தக் காசில் என்பது. வங்கி விலையில் ஒரு டாலருக்கு 15.42 ருஃபியா (மாலத்தீவுக் காசு). ஆனால் அந்த விலைக்கு டாலர் வாங்க வரிசையில் நின்றாலும் சுலபமாகக் கிடைக்காது. வெளியே விலை கூடுதல். கணக்குப் போட்டுப் பாருங்கள். 300 டாலர் சம்பளத்தை ருஃபியாவாகத் தந்தால் 4,626 வரும். வெளியே டாலர் 18 என்று விற்றால், அதே பணத்துக்கு 257 டாலர்தான் கிடைக்கும். மாதம் 43 டாலர் காற்றில் போகிறது. எனவே "சம்பளம் அமெரிக்க டாலரில், வங்கிக் கணக்கில்" என்ற வரியை எழுதி வாங்குங்கள். ஊருக்கு அனுப்ப, தலைநகர் மாலேயில் ஸ்டேட் பேங்க் ஆஃப் இந்தியாவே 1974-லிருந்து இருக்கிறது. மாதம் 60,000 ருஃபியாவுக்கு மேல் வாங்கினால்தான் வருமான வரி. கெஸ்ட் ஹவுஸ் வேலையில் அந்தக் கவலை வேண்டாம்.

சேவைக் கட்டணத்தைப் பற்றியும் கேளுங்கள். பில்லில் 10% சேவைக் கட்டணம் போட்டால் அது ஊழியர்களுக்குப் பங்கிட வேண்டிய பணம். பெரிய ரிசார்ட்டில் இது அடிப்படைச் சம்பளத்தையே தாண்டும் மாதங்கள் உண்டு. சின்ன கெஸ்ட் ஹவுஸில் பேச்சுக்கு "சர்வீஸ் இருக்கு" என்பார்கள். எத்தனை பேருக்குப் பங்கு, எந்தத் தேதியில், மழைக்காலத்தில் எவ்வளவு வந்தது என்று கேட்டால் உண்மை தெரிந்துவிடும்.

தங்குமிடம், மூன்று வேளைச் சாப்பாடு, ஆண்டுக்கொரு முறை ஊருக்கு டிக்கெட், வாரத்தில் ஒரு நாள் ஓய்வு ஆகிய நான்கும் எழுத்தில் இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டை விசா முத்திரைக்காக மட்டும் கொடுத்து, கொடுத்த தேதியைக் குறித்து வையுங்கள். "ஆபீஸ்ல பத்திரமா இருக்கும்" என்பது பாதுகாப்பு அல்ல, பிடி. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு சின்ன நோட்டில் உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம் எழுதுங்கள். தகராறு வந்தால் தொழிலாளர் உறவு ஆணையத்திடம் காட்ட அந்த நோட்டுதான் சாட்சி.

பெட்டியில் எது, எது கூடாது

கூடாததை முதலில் சொல்லிவிடுகிறோம், சுங்கத்தில் சிரித்துக்கொண்டே எடுத்துப் போட்டுவிடுவார்கள். மது, பன்றி இறைச்சி, வழிபாட்டுச் சிலைகள் மூன்றும் தடை. அம்மா கொடுத்துவிட்ட சின்னப் பித்தளைப் பிள்ளையார் கூடத்தான். இஸ்லாம் தவிர்த்த மற்ற மதங்களைப் பொதுவில் வழிபட அனுமதியில்லை. போனில் ஒரு படம், மனதில் ஒரு வேண்டுதல் என்று அமைதியாக இருப்பவருக்குச் சிக்கலில்லை. இ-சிகரெட் 2024 நவம்பரிலிருந்து கொண்டுபோகவே முடியாது. 2007 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்போ பிறந்தவர்களுக்கு 2025 நவம்பரிலிருந்து புகையிலையே தடை. இருமல் சிரப், வலி மாத்திரைகளில் கோடீன், டிரமடால் இருந்தால் மருத்துவர் சீட்டோடு மட்டும் எடுத்துப் போங்கள்.

எடுத்துப் போக வேண்டியவை: மூன்று சதுர முள் உள்ள பிளக் அடாப்டர் இரண்டு (மின்சாரம் நம்மூர் போலவே 230 வோல்ட்), வழுக்காத அடிப்பாகம் உள்ள கறுப்பு ஷூ, ரெண்டு ஜோடி ரப்பர் செருப்பு, படர்தாமரைக்கான பவுடரும் களிம்பும், மழைக்கோட்டு, நெற்றியில் கட்டும் டார்ச், பாஸ்போர்ட் பிரதிகள், சான்றிதழ்கள். பருத்திச் சட்டை மட்டும் போதும். அறையில் ஈரம் எப்போதும் இருக்கும். ஜீன்ஸ் இரண்டு நாளாகியும் காயாது, மூன்றாம் நாள் நாறும். சாம்பார்ப் பொடி, ரசப்பொடி, புளி தாராளமாகக் கொண்டு போகலாம். இந்தியாவிலிருந்து சமையலறைக்கு வரும் வெங்காயமும் உருளைக்கிழங்கும் பெரும்பாலும் தூத்துக்குடி வழியாக வருபவைதான், ஆனால் நல்லெண்ணெயும் பெருங்காயமும் சின்னத் தீவில் தேடினாலும் கிடைக்காது.

தீவில் முதல் வாரம்

கடிகாரத்தை அரை மணி நேரம் பின்னால் தள்ளுங்கள். மாலே நேரம் இந்திய, இலங்கை நேரத்துக்கு 30 நிமிடம் பின்தங்கியது. சில ரிசார்ட்டுகள் தங்களுக்கென்று ஒரு மணி நேரம் முன்னால் வைத்துக்கொள்ளும். அங்கிருந்து வரும் விருந்தினர் "மூன்று மணிப் படகு" என்றால் எந்த மூன்று மணி என்று கேட்டுக்கொள்ளாமல் துறைக்குப் போகாதீர்கள்.

உள்ளூர்த் தீவில் நீங்கள் ஒரு ஊரின் நடுவில் இருக்கிறீர்கள். விருந்தினர்கள் பிகினி அணிய ஒதுக்கிய கடற்கரை தனி. மற்ற இடங்களில் தோளும் முழங்காலும் மூடிய உடை. இதைச் செக்-இன் நேரத்திலேயே சொல்ல வேண்டிய பொறுப்பு உங்களுடையது. பின்னால் தீவுக் கவுன்சிலிலிருந்து ஆள் வந்து சொன்னால் உங்கள் முகம்தான் சுருங்கும். மதுவும் அப்படியே. உள்ளூர்த் தீவில் விற்பனை கிடையாது. நீங்கள் குடித்தால் வேலை மட்டுமல்ல, நாட்டிலேயே இடமிருக்காது. ஐந்து வேளைத் தொழுகைக்கும் கடைகள் கால் மணி நேரமாவது மூடும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடியும் வரை ஊரே அசையாது. ரமலானில் பகலில் தெருவில் தண்ணீர்கூடக் குடிக்காதீர்கள், அறைக்குள் சாப்பிடுங்கள்.

மொழி திவேஹி. எழுத்து வலமிருந்து இடம். படிக்கத் தேவையில்லை. பேச ஒரு பத்துச் சொல் போதும்: ஷுக்குரிய்யா (நன்றி), ஆன் (ஆமாம்), நூன் (இல்லை), ஃபென் (தண்ணீர்), மஸ் (மீன்), ரங்கல்ஹு (நல்லது). படகுக்கு அவர்கள் சொல்வது தோணி. அதைக் கற்றுக்கொள்ள வேண்டியதே இல்லை.

விருந்தினரை ஏற்றி இறக்குவது

கெஸ்ட் ஹவுஸுக்கு வரும் மோசமான விமர்சனங்களில் பாதி, அறைக்குள் நுழையும் முன்பே எழுதப்பட்டுவிடுகின்றன. காரணம் படகு. விருந்தினர் புக் செய்த அன்றே விமான எண், இறங்கும் நேரம், ஆட்கள் எண்ணிக்கை, பெட்டிகள், வாட்ஸ்அப் எண் எல்லாவற்றையும் வாங்கிவிடுங்கள். இறங்கும் நேரத்தோடு ஒரு மணி நேரம் கூட்டி, அதற்கு அடுத்த ஸ்பீட்போட்டில் இடம் போடுங்கள். குடியேற்ற வரிசையும் பெட்டியும் அந்த ஒரு மணி நேரத்தைத் தின்றுவிடும். அன்றைய கடைசிப் படகுக்குப் பிறகு இறங்குகிறார்கள் என்றால், அதை முதல் நாளே சொல்லி விமான நிலையத்தை ஒட்டிய ஹுல்ஹுமாலேயில் ஓர் இரவு தங்கச் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால் நள்ளிரவில் போன் உங்களுக்குத்தான் வரும்.

திரும்பும் கணக்கு பின்னோக்கி: விமான நேரத்திலிருந்து மூன்று மணி நேரம் கழியுங்கள், படகு ஓடும் நேரம் கழியுங்கள், மழைக்காலமென்றால் இன்னொரு மணி நேரம் கழியுங்கள். மே முதல் நவம்பர் வரை வீசும் தென்மேற்குக் காற்றை அவர்கள் ஹுல்ஹங்கு என்பார்கள். அந்த மாதங்களில் கடல் கொந்தளித்துப் படகு ரத்தாவது சகஜம். அரசு ஃபெரி மலிவு. ஆனால் மாலேயிலிருந்து மாஃபுஷிக்கே ஒன்றரை மணி நேரம் ஆகும், வெள்ளிக்கிழமை பொதுவாக ஓடாது.

வரித் தகராறையும் முன்பே தீர்த்துவிடுங்கள். 2025 ஜனவரியிலிருந்து 50 அறைகள் வரை உள்ள உள்ளூர்த் தீவு கெஸ்ட் ஹவுஸில் பசுமை வரி ஆளுக்கு ஓர் இரவுக்கு 6 டாலர். இரண்டு பேர் ஐந்து இரவு தங்கினால் 60 டாலர். சுற்றுலா ஜிஎஸ்டி 2025 ஜூலையிலிருந்து 17%. ஆன்லைனில் பார்த்த விலையில் இது சேர்ந்ததா இல்லையா என்று முன்பதிவு உறுதிச் செய்தியிலேயே எழுதி அனுப்பினால், கிளம்பும் நாள் காலையில் படகு காத்திருக்கும்போது வாக்குவாதம் வராது.

அறை: ஏசியிலிருந்து ஆரம்பியுங்கள்

அறைக்குள் நுழைந்ததும் முதலில் ஏசியை அணையுங்கள், பிறகுதான் பால்கனிக் கதவைத் திறக்க வேண்டும். வரிசை மாறினால் என்ன ஆகும் என்று பாருங்கள். விருந்தினர் 18 டிகிரியில் வைத்துவிட்டுப் போயிருப்பார். கதவைத் திறந்தவுடன் வெளியிலிருந்து வெந்த ஈரக்காற்று உள்ளே வந்து குளிர்ந்த சுவரிலும் கண்ணாடியிலும் வியர்க்கும். கூரைப் பலகையில் படும் அந்த ஈரம் காய்வதில்லை. ஒரு மாதத்தில் ஏசிக்கு மேலே மிளகு தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள் வரும். அதுதான் பூஞ்சை. பெயின்ட் அடித்தாலும் திரும்ப வரும். காலியாக இருக்கும் அறையை முழுதாக அணைத்து மூடிவைக்காதீர்கள். தினம் இரண்டு மணி நேரம் டிரை மோடில் ஓடவிடுங்கள். இல்லாவிட்டால் மெத்தைக்கு ஈர வாடை ஏறும்.

தங்கியிருப்பவர் அறைக்கு 25 முதல் 30 நிமிடம், காலி செய்த அறைக்கு 45 நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். படுக்கையைக் கலைத்ததும் மெத்தையின் ஓரத் தையலையும் தலைப்பலகையின் பின்புறத்தையும் டார்ச்சால் பாருங்கள். கறுப்பு மைப்புள்ளி போல் தெரிந்தால் மூட்டைப்பூச்சி. அந்த அறையை உடனே பூட்டி முதலாளியிடம் சொல்லுங்கள். விரிப்பை மற்ற துணியோடு சேர்க்காமல் தனிப் பையில் கட்டி, தாங்கும் அளவு சூடான நீரில் துவையுங்கள். பிறகு மேலிருந்து கீழே துடைத்து, கடைசியில் மணலைப் பெருக்குங்கள். மணல் இருக்கும் தரையில் நேராக ஈரத்துடைப்பம் போட்டால் டைல்ஸில் கீறல் விழும். கழிவுநீர்க் குழாயில் சேறாக அடையும்.

ஏசி அறைக்குள் சொட்டினால் மெக்கானிக்கைத் தேடும் முன் வடிகுழாயைப் பாருங்கள். உள்ளே ஜெல்லி போல் பாசி அடைத்திருக்கும். வெளியிலிருந்து ஈர-உலர் வேக்குவத்தால் ஒரு நிமிடம் இழுத்தால் பெரும்பாலும் வந்துவிடும். மாதம் ஒரு முறை ஒரு கப் வினிகர் ஊற்றினால் திரும்ப அடைக்காது. ஃபில்டரை இரண்டு வாரத்துக்கொரு முறை கழுவுங்கள். வெளி யூனிட்டின் தகடுகளை வாரம் ஒரு முறை நல்ல தண்ணீரால் மெதுவாக அலசுங்கள். அழுத்தமாக அடித்தால் தகடு மடங்கும். கடலைப் பார்த்த பக்கத்தில் இருக்கும் யூனிட் உப்பு தின்று இரண்டு மூன்று வருடத்தில் ஓட்டையாகும். அலசினால் ஆயுள் கூடும்.

மஞ்சள் கறை

இதற்குத் தனித் தலைப்பு வைக்கக் காரணம் உண்டு. வெள்ளை விரிப்பையும் டவலையும் கெடுப்பது மணலோ மீன்குழம்போ அல்ல, சன்ஸ்கிரீன். அதிலிருக்கும் அவோபென்சோன் என்ற பொருள் தண்ணீரில் உள்ள இரும்போடு சேர்ந்து துருப்போன்ற மஞ்சளாகும். புதிதாக வருபவர்கள் உடனே குளோரின் பிளீச் ஊற்றுவார்கள். கறை போகாது, இன்னும் ஆழமாகும். துணியும் நைந்துபோகும்.

செய்ய வேண்டியது: கறை பட்ட இடத்தில் பாத்திரம் தேய்க்கும் திரவத்தைத் தடவிப் பதினைந்து நிமிடம் ஊறவிடுங்கள், எண்ணெய் பிரியும். சூடு தாங்கும் துணியாக இருந்தால் 50 டிகிரி நீரில் சாதாரண சோப்புத்தூளால் துவையுங்கள். மஞ்சள் மிச்சமிருந்தால் ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீருக்கு இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) கரைத்து அரை மணி நேரம் ஊறவைத்து நன்றாக அலசுங்கள். எலுமிச்சை உப்பு போட்ட வாளியில் பிளீச் கலந்துவிடாதீர்கள். அமிலமும் பிளீச்சும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். காற்றோட்டமில்லாத துவைக்கும் அறையில் அது நுரையீரலைப் பிடித்துவிடும்.

விரிப்புக் கணக்கு: ஊரில் ஒரு கட்டிலுக்கு மூன்று செட் போதும். ஒன்று கட்டிலில், ஒன்று துவைப்பில், ஒன்று அலமாரியில். தீவில் நாலு வையுங்கள். மூன்று நாள் விடாமல் பெய்தால் கொடியில் எதுவும் காயாது. டிரையர் பழுதானால் பாகம் மாலேயிலிருந்து வர வேண்டும்.

தண்ணீரும் உப்பும்

தீவில் ஆறு கிடையாது. மணலுக்கு அடியில் மெல்லிய நன்னீர்ப் படலம் இருக்கும், அது இப்போது பல இடங்களில் உவர்ப்பாகிவிட்டது. குழாயில் வருவது கடல்நீரை ஆர்ஓ முறையில் சுத்திகரித்தது, அல்லது மழைநீர். விருந்தினர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 150 முதல் 250 லிட்டர் என்று கணக்கு வையுங்கள். பத்து அறையும் அறைக்கு இருவராக நிறைந்தால் நாளொன்றுக்கு மூவாயிரம் முதல் ஐயாயிரம் லிட்டர். மாடித் தொட்டி அதற்குக் குறைவாக இருந்தால் காலை எட்டு மணிக்கு எல்லோரும் குளிக்கும்போது மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும்.

சொந்த ஆர்ஓ இயந்திரம் இருந்தால் தினம் மூன்று எண்ணை எழுதுங்கள்: ஃபில்டருக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்தம், நிமிடத்துக்கு வரும் நல்ல நீர், டிடிஎஸ் (ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் உப்பு, மில்லிகிராமில்). கடல்நீரின் டிடிஎஸ் சுமார் 35,000. வெளிவரும் நீர் 500-க்குள் இருக்க வேண்டும். முன்பின் அழுத்த வித்தியாசம் ஏறினால் 5 மைக்ரான் கார்ட்ரிட்ஜை மாற்றுங்கள். டிடிஎஸ் திடீரென்று ஏறினால் மெம்பரேனில் (உப்பைத் தடுக்கும் சவ்வு) ஓ-ரிங் நழுவியிருக்கலாம், மெதுவாக ஏறினால் மெம்பரேன் தேய்கிறது. இயந்திரத்தை நிறுத்தும் ஒவ்வொரு முறையும் நல்ல நீரால் அலசிவிட்டு நிறுத்துங்கள். உப்புநீரோடு இரண்டு நாள் விட்டால் உள்ளே உயிர்ப்படலம் வளர்ந்து மெம்பரேன் போய்விடும்.

உலோகத்துக்கு 'ஸ்டெயின்லெஸ்' என்ற பெயரை நம்பாதீர்கள். 304 வகை ஸ்குரூ கடற்கரையில் சில வாரத்திலேயே டீக்கறை போட்டுக்கொள்ளும். வெளியே மாட்டும் கீல், கொக்கி, ஷவர் பிடிப்பு எல்லாம் 316 என்று கேட்டு வாங்கச் சொல்லுங்கள். பூட்டுக்குள் மாதம் ஒரு முறை கிராஃபைட் தூள். எண்ணெய் போட்டால் மணல் ஒட்டி இறுகும். இருப்பு அலமாரியில் எப்போதும் இருக்க வேண்டியவை: ஏசி கெப்பாசிட்டர் இரண்டு, ஃப்ளஷ் டேங்க் வால்வு மூன்று, குழாய் வாஷர், டெஃப்ளான் டேப், தண்ணீர் மோட்டாரின் பிரஷர் ஸ்விட்ச் ஒன்று. இவை மலிவான பாகங்கள்தான், ஆனால் இல்லாத நாளில் ஓர் அறை வருமானம் போகும்.

காலைச் சாப்பாடு

விருந்தினர் கேட்பது மஸ்ஹுனியும் (டூனா-தேங்காய்ச் சம்பல்) ரோஷியும் (சப்பாத்தி போன்ற ரொட்டி). மஸ்ஹுனி செய்முறை இது. நாலு பேருக்கு: தண்ணீரில் போட்ட டூனா ஒரு டின் வடித்தது, துருவிய தேங்காய் ஒரு கப், சின்னதாக நறுக்கிய வெங்காயம் ஒன்று, எலுமிச்சை ஒன்று, கித்தேயோ என்ற உள்ளூர்க் கார மிளகாய் பாதி. வரிசைதான் ருசி. முதலில் வெங்காயம், மிளகாய், உப்பு, எலுமிச்சைச் சாறு நான்கையும் கையுறை போட்ட விரலால் கசக்குங்கள். வெங்காயம் துவண்டு நீர் விட வேண்டும். பிறகு டூனா, கடைசியில் தேங்காய். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினால் பச்சை வெங்காயக் காரம் தனியே நிற்கும். இலங்கைக்காரர்களுக்குத் தேங்காய்ச் சம்பல் வைக்கும் கை இருந்தால் இது ஐந்து நிமிட வேலை. தேங்காய் சேர்த்த பின் வெயிலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள், புளித்துவிடும்.

காய்கறிப் படகு வாரத்தில் சில நாள்தான். வந்த அன்றே கீரை, தக்காளி, வெள்ளரி செலவாக வேண்டும். கோஸ், கேரட், பூசணி பின்னால். இரண்டு படகு தவறினாலும் ஓடும் அளவுக்கு அரிசி, பருப்பு, மாவு, முட்டை, டின் மீன் வைத்திருங்கள்.

உடம்பும் கடலும்

டெங்கு இங்கேயும் உண்டு. கொசு முட்டையிலிருந்து பறக்க ஏழெட்டு நாள் போதும், அதனால் ஏசி வடிநீர் வாளி, பூந்தொட்டித் தட்டு, தேங்காய்ச் சிரட்டை எல்லாவற்றையும் வாரம் ஒரு முறை கவிழ்க்க வேண்டும். காய்ச்சல் வந்தால் பாரசிட்டமால் மட்டும். ஐபுப்ரொஃபென், ஆஸ்பிரின் போடாமல் தீவின் சுகாதார மையத்துக்குப் போங்கள்.

கடலில் தனியாக இறங்காதீர்கள், விருந்தினரையும் தனியாக அனுப்பாதீர்கள். பவளத்திட்டுக்கு நடுவே உள்ள கால்வாயில் அலை ஏறி இறங்கும் நேரத்தில் நீரோட்டம் ஆளை இழுத்துக்கொண்டு போகும். கல்மீன் (விஷ முள் உள்ள ஸ்டோன்ஃபிஷ்) குத்தினால், குத்திய காலை 45 டிகிரி வரையான வெந்நீரில் வைத்துக்கொண்டே மருத்துவரிடம் கொண்டு போக வேண்டும். சூட்டை உங்கள் கையால் பார்த்துவிட்டு வையுங்கள். பவளம் கீறினால் சின்னக் காயம் என்று விடாமல் சோப்பு நீரால் தேய்த்துக் கழுவுங்கள். உள்ளே தங்கும் துகள்தான் சீழ் கட்டும். ஆம்புலன்ஸ் 102, போலீஸ் 119, தீயணைப்பு 118, கடலோரக் காவல் 191. இவற்றை ரிசப்ஷன் மேசையிலும் சமையலறைக் கதவிலும் ஒட்டுங்கள்.

வேலையை விடும்போது

வேலை செய்த காலம் ஆறு மாதத்துக்கு மேல் ஓராண்டுக்குள் என்றால் இரண்டு வாரம், ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை ஒரு மாதம் முன்னறிவிப்பு. எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்ட கையெழுத்தோடு ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். மீதிச் சம்பளமும் எடுக்காத விடுப்புக்கான பணமும் கணக்கில் ஏறிய பிறகு டிக்கெட் போடச் சொல்லுங்கள். வேலை அனுமதி முறைப்படி ரத்தாகாமல் கிளம்பினால், அடுத்த முதலாளி விண்ணப்பிக்கும்போது பழைய பதிவு குறுக்கே நிற்கும். ஊருக்கு வந்த பிறகு அதைச் சரிசெய்ய மாதக்கணக்கில் மெயில் அனுப்ப வேண்டியிருக்கும். முதலாளி இழுத்தடித்தால் தொழிலாளர் உறவு ஆணையம், பிறகு வேலைவாய்ப்புத் தீர்ப்பாயம். கூடவே மாலேயில் உள்ள உங்கள் நாட்டுத் தூதரகம்.

பெட்டியில் பவளத்துண்டு, ஆமை ஓடு, மணல் பாட்டில் எதுவும் வேண்டாம். விமான நிலைய ஸ்கேனரில் பிடித்து அபராதம் போடுவார்கள். மாசிக் கருவாடு தாராளமாக எடுத்து வாருங்கள், நம் சம்பலுக்கும் துவையலுக்கும் போடும் மாசி அந்த ஊர்ச் சரக்குதான். தட்டினால் கட்டைபோல் சத்தம் வருவதாகப் பார்த்து வாங்கி, காற்றில்லாமல் இரண்டு உறை போட்டு, செக்-இன் பையின் அடியில் வையுங்கள். ஒரு உறை மட்டும் போட்டவரின் சட்டைகள் தீபாவளி வரை மணக்கும்.